பூக்காரம்மாவின் சாட்சி

எங்கள் வீட்டில் என் நாத்தனாரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. கூடப் பிறந்த என் கணவர் முயற்சிகூடச் செய்வதில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்றிரண்டு முறை மோதிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாத்தனார் மாடி அறையில் தனியாக இருக்கிறார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளை வந்தாரு, நான் பேசினேன், போயிட்டாரு" என்பார்.

படுக்கை விரிப்பு அச்சடிக்கும் மில்லில் அவருக்குப் பூ வரையும் வேலை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் பூக்காரம்மா. வீட்டில் ஒரு தொட்டிச் செடியைக்கூட அவர் உயிரோடு வைத்திருந்ததில்லை. தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவார், பிறகு வாடியதற்காகச் செடியையே திட்டுவார். காகிதத்தில் மட்டும் அவர் கை பட்டால் கொடி தானாகப் படரும். ஊரில் பாதிப் பேர் அவர் வரைந்த பூக்களின் மேல்தான் தூங்கி எழுந்தார்கள். வரைந்தது யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. விரிப்பு முழுவதையும் யாரும் வரைவதில்லை. ஒரு சதுரம் வரைவார்கள், அதையே அடுத்தடுத்து வைத்து அச்சடிப்பார்கள். ஒரு சதுரம் முடிந்து மறு சதுரம் தொடங்கும் ஒட்டு எப்படியும் கண்ணில் உறுத்தும். நாத்தனார் அந்த இடத்தில் ஓர் இலையை வைத்து, அதைப் பூச்சி கடித்ததுபோல வரைந்துவிடுவார். பார்க்கிறவர் கண் கடிபட்ட இடத்துக்குப் போய்விடும், ஒட்டைக் கவனிக்காது. மில்லில் வேறு யாரும் இப்படிச் செய்ததில்லை.

மில்லின் பெரிய முதலாளி நோயில் படுத்துவிட்டபின் அவர் மகன் பொறுப்புக்கு வந்தான். சின்ன முதலாளி. மரியாதை போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்க வேண்டும். நாத்தனார் அதுவரை வரைந்த அத்தனை தாளையும் அலமாரியிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் ஸ்கேன் செய்து, செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டிவிட்டான். அதன்பின் 'நீலப் பூ, பச்சைக் கொடி' என்று தட்டினால் போதும், கம்ப்யூட்டர் ஒரு விரிப்பைத் துப்பிவிடும்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க தம்பி?" என்று நாத்தனார் கேட்டிருக்கிறார்.

"சம்பளத்துக்கு வரைஞ்சதுதானே அக்கா? சட்டப்படி அதெல்லாம் மில்லோட சொத்து."

சட்டம் அவன் பக்கம்தான் என்று விசாரித்தபோது தெரிந்தது. ஜன்னல் ஓரத்தில் பெரிய மேஜை போட்டிருந்த அவருடைய அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். அவரைப் பேக்கிங் பிரிவில் உட்கார வைத்து, மடித்து வரும் விரிப்பில் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் யாரோடும் சண்டை போடவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது.

கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் போட்ட நீலப்பூ விரிப்பு ஒன்று கடைகளில் பிய்த்துக்கொண்டு போனது. நாத்தனார் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தார்.

"பாருடி, நல்லாப் பாரு."

பார்த்தேன். இலை இலையாகக் கடித்து வைத்திருந்தது. ஒட்டு இருக்கும் இடம், இல்லாத இடம், நட்டநடு என்று எங்கு பார்த்தாலும் கடி. நாத்தனார் எதற்குக் கடிக்க வைத்தார் என்று தெரியாமல், கடியை மட்டும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகுதான் கூத்து. பக்கத்து மில்காரன் அந்த நீலப்பூவை அப்படியே காப்பியடித்துப் பாதி விலைக்கு விற்க ஆரம்பித்தான். சின்ன முதலாளி கோர்ட்டுக்கு ஓடினான். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதை வரைந்த மனிதர் யார்? மனிதர் படைத்ததற்குத்தான் சட்டம் காவல் நிற்கும். கம்ப்யூட்டர் தானே போட்டதென்றால் அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாளே சின்ன முதலாளி எங்கள் வீட்டு வாசலில் நின்றான். கூட அவனுடைய வக்கீல்.

"அக்கா, நீங்கதான் வரைஞ்சீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க ரூம், உங்க மேஜை எல்லாம் திரும்ப உங்களுக்குத்தான். இனிமே ஒவ்வொரு பாக்கெட்லயும் உங்க பேரைப் போடறேன்."

"பொய்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் வக்கீல். "அந்தக் கடிச்ச இலை உங்க கை வேலைன்னு மில்லுல எல்லாருக்கும் தெரியும். அது ஒன்னே போதும்."

"இல்லேன்னு சொன்னா?"

சின்ன முதலாளி தரையைப் பார்த்தான். "அப்புறம் உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட வேலை இருக்காதுக்கா."

அவர்கள் போனபின் நானும் என் கணவரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். ஒத்துக்கொண்டால் என்ன? எனக்கு அவர் அந்த ஜன்னலோர மேஜைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, உங்ககிட்டேர்ந்து திருடினதுதானே? திரும்ப வருது, வாங்கிக்கோங்களேன்."

"எங்கேடி திரும்ப வருது? திருடின பொருளை அவனே வச்சிக்கிட்டு, நான்தான் செஞ்சு கொடுத்தேன்னு என்னைச் சொல்லச் சொல்றான். இத்தனை வருஷம் என் பேர் எங்கேயும் இல்ல, பரவாயில்ல. இந்தக் கண்றாவிக்கா என் பேரு?"

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

என்ன சொல்லப்போகிறார் என்று யாரிடமும் சொல்லாமலே நாத்தனார் சாட்சி சொல்லக் கிளம்பினார். கோர்ட்டுக்கு நானும் கூடப் போனேன். நாத்தனார் வந்துவிட்டார் என்றதுமே சின்ன முதலாளி முகத்தில் வெளிச்சம். விரிப்பைக் கூண்டின் மேல் விரித்துக் காட்டி அவன் வக்கீல் கேட்டார்.

"இதை வரைஞ்சது நீங்கதானே?"

"இல்லீங்க."

"அந்தக் கடிச்ச இலை?"

"அது என்னுது. அந்தப் பூவோட வளைவு என்னுது, கொடி திரும்புற விதம் என்னுது. ஆனா இதை நான் வரையல. நான் வரைஞ்சிருந்தா இத்தனை கடி இருக்காது."

சின்ன முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டான். எதிர்த்தரப்பு வக்கீல் பல்லெல்லாம் தெரிய எழுந்து, "உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"உங்களுக்காகச் சொல்லல" என்று நாத்தனார் அவர் பக்கம் திரும்பினார். "அந்தத் தம்பி என்கிட்டத் திருடுச்சு. உங்க ஆளு அதுகிட்டத் திருடினாரு. ரெண்டு பேரும் இங்கே வந்து எதுக்கு அடிச்சிக்கிறீங்க?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார், ஆனால் அவர் உதடும் துடித்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி எச்சரித்து அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் வேலை போய்விட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் என்னை இழுத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் மேஜை போட்டிருந்த ஒரு பெண் வக்கீலிடம் போய் நின்றார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"உள்ளதைச் சொல்லிடறேன்மா. சம்பளத்துக்கு வரைஞ்சது மில்லுக்குத்தான் சொந்தம். அதை மெஷினுக்கு ஊட்டினது தப்புன்னு எந்தச் சட்டமும் இதுவரைக்கும் சொல்லல. கேஸ் போட்டா அநேகமா நீங்க தோத்துடுவீங்க."

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ளே அவங்க ரெண்டு பேரும் என் பூவுக்காகத்தான் சண்டை போடறாங்க. யார் ஜெயிச்சாலும் நான் அதுல கிடையாது. தோக்கறதா இருந்தா என் பேர்லயே தோக்கறேன். எழுதுங்கம்மா."