மாமாவின் சில்லு வீடும் அம்மாவின் ரைஸ் குக்கரும்

எட்டு வயதில் என்னிடம் உலகத்திலேயே கொடுத்துவைத்தவர் யார் என்று கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு மாமா என்று சொல்லியிருப்பேன். அம்மாவின் தம்பியான அவர் மெல்பேர்னில், கிரெய்கிபர்னிலுள்ள எங்கள் வீட்டில் என் அறையில் பாய் விரித்துப் படுத்துவந்தார்; ஒருநாள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு பழைய காரவனுக்குக் குடிபோய்விட்டார். மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி ஆற்றங்கரையில், விடுமுறைக்கு வருகிறவர்கள் காரவனை நிறுத்தித் தங்கும் ஒரு காரவன் பார்க். வருகிறவர்களுக்கு இடம் காட்டி, பொதுக் குளியலறைகளைக் கழுவிவிட்டால், தன் காரவனை வாடகையில்லாமல் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். சில்லு வைத்து உருளும் வீடு, பக்கத்தில் ஆறு, சோப்பு நுரையில் விளையாட்டு. வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் போனது அவரைப் பார்க்க அல்ல, கையோடு கூட்டிவர. தம்பி சோறு தின்கிறானோ இல்லையோ என்ற கவலையில் அம்மா எங்கள் பெரிய ரைஸ் குக்கரையும் காரில் ஏற்றியிருந்தார்.

மாமா பெருமையாகச் சுற்றிக் காட்டினார். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்குக் கீழே பற்றரி. கரண்ட் உள்ள இடங்களெல்லாம் காசு கட்டுகிறவர்களுக்கு. அவருக்கு வெயில் தருவதுதான். லைற்றும் பிரிட்ஜும் அதில் ஓடும்.

“சூடாக்கிற சாமான் ஒண்டும் பிளக்கில குத்தாதேங்கோ அக்கா. சமையல் காஸில.”

“ஓம், ஓம்” என்றார் அம்மா. அம்மா இரண்டு தடவை ஓம் சொன்னால் காதிலேயே விழவில்லை என்று அர்த்தம். பாவம், மாமா அதை மறந்துபோயிருந்தார்.

அவர் குளியலறை கழுவப் போனதும் அம்மா அரிசி களைந்து குக்கரைப் பிளக்கில் குத்தினார். கட்டிலுக்குக் கீழே ஏதோ கீக் கீக் என்று கத்தியது. லைற் அணைந்தது, பிரிட்ஜ் நின்றது. “முடிஞ்சுது” என்றார் அப்பா. எனக்கோ ஒரே புளுகம், சந்தோசத்தில் குதித்தேன்.

சத்தம் கேட்டு மாமா வாளியும் தும்புத்தடியுமாக ஓடிவந்தார். “ஒண்டுமில்லை அக்கா, பாரம் கூடினா அது தானா நிண்டிடும்” என்று சிரித்து, குக்கரைக் கழற்றிவிட்டு ஏதோ ஒரு பொத்தானை அமர்த்தினார். வெளிச்சம் வந்தது. அம்மா வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தார். பொலபொலவென்று அழுதுவிட்டார்.

“இதென்னடா சீவியம்? ஊர்ச்சனத்தின்ர கக்கூசைக் கழுவிக்கொண்டு! இந்த நாட்டில நிக்க விசா வருமட்டும் எங்களோட வந்து நில்.”

“வருமட்டும், வருமட்டும் எண்டு எத்தினை வருசம் அக்கா?”

அம்மா மாமாவின் உடுப்புகளைப் பையில் திணிக்கத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. இந்த வீட்டை விட்டுவிட்டு யாராவது என் அறைப் பாய்க்குத் திரும்பி வருவார்களா?

அப்போதுதான் வெளியே ஒரு காரவன் வந்து நின்றது. வெள்ளைக்கார வயோதிபர் ஒருவர் இறங்கினார். மனைவி காரிலேயே களைத்துச் சாய்ந்திருந்தார். வழியில் எல்லா இடமும் நிரம்பிவிட்டதாம், இங்கே ஏதாவது மூலை கிடைக்குமா என்று தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார். மாமா நிமிர்ந்து நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை இரவு என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பிறகு மரங்களுக்கு நடுவே ஓர் இடம் கண்டுபிடித்து, கையைக் காட்டிக் காட்டி அந்தக் காரவனைப் பின்னுக்கு எடுப்பித்தார்.

“நீங்கள் தங்கலாம்” என்றார். “ஒரு பிரச்சினையும் இல்லை, தங்கலாம்.”

அம்மா வாசலில் மாமாவின் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், பையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொழுவினார்.

“என்னப்பா, கூட்டிக்கொண்டு போகேல்லையே?” என்று அப்பா கேட்டார்.

“அவன் இஞ்சயே நிக்கட்டும்.”

அம்மாவுக்கும் சில்லு வீடு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். மாமா அந்தக் கிழவருக்குச் சொன்னதை, இந்த நாட்டில் அதுவரை ஒருவரும் மாமாவுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?