ட்ரம்பெட்டில் வடித்த மருந்து

பல் டாக்டரிடம் உதவியாளனாக இருப்பவனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், ஈறு மறக்காது. ராயபுரத்தில் எங்கள் கிளினிக் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த, இனி உட்காரப்போகிற அன்பர்களே, இதைப் படிக்கும்போது வாயில் எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆடிய பல்

மைக்கேல் அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் மாதா கோயில் பேண்டில் ட்ரம்பெட். கல்யாணமோ சாவோ, முன்னால் நின்று ஊதுகிறவர் அவர்தான்.

அவர் வாயைத் திறந்ததும் டாக்டரம்மா மேல் ஈறை லேசாக அழுத்தினார். சீழ் வந்தது. முன்பல் இரண்டும் ஆர்மோனியக் கட்டை மாதிரி இறங்கி ஏறின. கையிலிருந்த தட்டை நான் கீழே வைத்துவிட்டேன். இது பயோரியா, ஈறு அழுகுகிற நோய், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்காவிட்டால் பல் தங்காது என்றார் டாக்டரம்மா. சுரண்டல் என்றதும் அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். தேர்த் திருவிழா வருகிறது. முன்பல் இல்லாமல் ஊத முடியாது. அவர் இடத்தைப் பிடிக்க அதே பேண்டில் மச்சான் ஆரோக்கியம் காத்திருக்கிறார்.

"பல்லு பூட்சின்னா நான் ஜால்ராதான் தட்டணும் டாக்டரம்மா. அதுக்கு என்னிய கடல்ல தள்ளிடு."

பாதிப் பாடம்

பயந்தவரைத் தேற்ற டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியைக் கொல்ல உடம்பே மருந்து செய்துகொள்கிறதாம். எச்சிலில் லைசோசைம் என்று ஒன்று ஊறுகிறது. ஈறும் தன் பங்குக்குக் காவல் நிற்கிறது. இன்னும் என்னென்ன சுரக்கிறதோ, வெளிநாட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் காரைக்கு அடியில் ஒளிந்த கிருமியிடம் அதெல்லாம் போய்ச் சேராது, அதனால்தான் சுரண்டச் சொல்கிறேன் என்று முடித்தார்.

அந்த 'ஆனால்' வந்தபோது அண்ணன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம் சொன்னார்:

"வாயிலயே ஆஸ்பத்திரிய வச்சிகினு வெளில அலையறேன் பாரு."

மிக்சர் பாட்டில்

சில வாரம் கழித்து வந்தார். ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி வீங்கியிருந்தது. பையிலிருந்து மருந்து மிக்சர் பாட்டில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். தக்கையைத் திறந்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில்கூட அப்படியொரு வாடை நான் முகர்ந்ததில்லை.

ட்ரம்பெட் ஊதுகிறவர்கள், குழாயில் சேர்கிற எச்சிலை அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து தரையில் வடித்துவிடுவார்கள். நம் அண்ணன் அதைப் பாட்டிலில் பிடித்து, படுக்கும்முன் ஈறில் தேய்த்திருக்கிறார். ஊறுகிற மருந்து கழுவிப் போய்விடக் கூடாதென்று பல் விளக்குவதையும் நிறுத்திவிட்டாராம். எதற்கும் அசையாத டாக்டரம்மா, நோயாளியின் நாற்காலியில் தாமே உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு அவர் ஏன் அதிர்ந்தார் என்றே புரியவில்லை.

"தண்ணி ஒரு சொட்டு கலக்கல டாக்டரம்மா. அத்தினியும் ஊதி வடிச்சது."

மச்சானும் வந்தார்

அன்று மாலையே ஆரோக்கியம் வந்தார், அவருக்கும் கன்னம் வீக்கம். மச்சானின் இடத்துக்கு ஆசைப்பட்டவர், மச்சானின் பாட்டிலுக்கும் ஆசைப்பட்டு, அதிலிருந்து எடுத்துத் தன் ஈறிலும் தேய்த்திருக்கிறார். உள்ளே இருப்பது என்னவென்று கேட்கவே இல்லையாம். நான் சொன்னேன். வெகுநேரம் வாஷ்பேசினை விட்டு அவர் நிமிரவில்லை.

"சொந்தத் தங்கச்சியக் கட்டிக் குட்த்தவனுக்கு இதான் மரியாதையா?"

மிச்சம் ஒன்று

வீக்கம் வடிந்தபின் டாக்டரம்மா மைக்கேல் அண்ணனின் காரையைச் சுரண்டினார். இடது முன்பல், குறடு படாமலேயே பஞ்சோடு வந்துவிட்டது. வலது பல் நின்றது.

ஈறு ஆறியதும் அவர் ட்ரம்பெட்டோடு வந்தார். கிளினிக்கிலேயே ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். பிறகு ஊதுவாயை வலப்பக்கம் நகர்த்தி, நின்ற பல்லின் மேல் அழுத்தி இன்னொரு முறை ஊதினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"தேருக்கு நான்தான் முன்னால நிக்கறேன்னு அந்த ஆரோக்கியத்துக்குச் சொல்லி அனுப்பு."

அன்றிலிருந்து எங்கள் டாக்டரம்மா எச்சிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட யாரிடமும் சொல்வதில்லை.