ஆணி இல்லாத முக்காலி

ஆமத்தூரில் என் அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு முக்காலி நிற்கிறது. உட்காரும் முக்காலி இல்லை. மூன்று தைலமரக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி ஊன்றிய, பாரம் தூக்கும் முக்காலி. உச்சியில் ஒரு மரக் கப்பி. அதில் தொங்கும் கயிற்றின் நுனியில் பித்தளைக் கொக்கி. எவ்வளவு தேடினாலும் அதில் ஓர் இரும்பு ஆணி கிடைக்காது. ஆணி இல்லாத அந்த ஒரு காரணத்தால் அக்காவின் குடும்பம் இரண்டாகிவிடப் பார்த்தது.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். எங்கள் அப்பாவும் பட்டாசு வேலைக்காரர்தான். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வெடிமருந்து அறை வெடித்ததில் இறந்துபோனார். அதனால் தனக்குப் பிள்ளைகள் பிறந்ததும் அக்கா ஒரே பிடியாக நின்றாள்: இனி மருந்தைத் தொட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மச்சான் அம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார், வேலையை விட்டார், வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் இறங்கினார். அக்கா அந்தச் சத்தியத்தை நம்பினாளா என்றால், இல்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கந்தக வாடை போகாது என்பது அவள் கணக்கு. சந்தேகப்படுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது, நானும் அதில் சேர்த்திதான்.

ஆடி முடிந்த சமயம் மச்சானின் போக்கு மாறியது. தோட்டத்து மூலையில் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டி, படல் வைத்து அடைத்தார். உள்ளே ஈரச் சாக்குகள் போயின. பிள்ளைகள் எட்டிப் பார்த்தால்கூட விரட்டினார். பிறகு கம்புகள் வந்து இறங்கின. அக்கா போன் செய்தாள். "ஏலே தம்பி, உங்க மச்சான் திரும்பவும் ஆரம்பிச்சுட்டாக போல. அங்கன ஏதோ கட்டுறாக. ஆணி ஒண்ணுகூட அடிக்கல. எல்லாம் மரமும் பித்தளையுமா இருக்கு."

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மருந்து இருக்கும் இடத்தில் இரும்பு உரசினால் பொறி பறக்கும். அதனால் அங்கே மரத்தையும் பித்தளையையும்தான் புழங்க விடுவார்கள். ஒருவர் இரும்பை ஒதுக்குகிறார் என்றால் பக்கத்தில் மருந்து இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றும். போதாக்குறைக்கு தீபாவளி சீசன். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்து வெடி சுற்றுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் உண்டு. முக்காலி மருந்து மூட்டை இறக்கத்தான் என்று, அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு பைக்கை எடுப்பதற்குள் நானே முடிவு கட்டிவிட்டேன்.

போனபோது வாசலில் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. மச்சான் முக்காலியின் கால் நழுவாமலிருக்கக் கூர் சீவிய கம்பால் குழி பறித்துக்கொண்டிருந்தார். நான் காற்றில் வாடை பிடித்தபடி மறைப்பைச் சுற்றி வந்ததைப் பார்த்து, "என்ன மாப்ள, மோப்பம் பிடிக்க வந்தீகளா?" என்றார். சிரித்தார், ஆனால் படலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அக்கா பின்னாலேயே வந்தாள். "படலைத் தொறங்க. இல்லன்னா இப்பவே பஸ் ஏறிருவேன்" என்றாள். மச்சான் அவளையே பார்த்தார். "தொறக்கேன். ஆனா ஒருத்தரும் விரல் நீட்டக் கூடாது" என்றார்.

உள்ளே தரை முழுக்கக் கொடி. ஈரச் சாக்கை விலக்கினால், படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவில் ஒரு சீனிப்பூசணி. அதற்குப் பின்னால் இன்னொன்று. பூசணியை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஊர்க் கண் படாமல், வெயிலும் படாமல் அம்மன் கோயில் புரட்டாசிப் பொங்கல் அன்னதானத்துக்காக வளர்த்திருக்கிறார். கீறல் விழாமல் தூக்கத்தான் முக்காலி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அக்கா மட்டும் விடவில்லை. "அப்ப ஏன் ஆணி அடிக்கல?"

மச்சான் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "தெரியல புள்ள. கை இரும்பை எடுக்க மாட்டேங்கு."

பொங்கலுக்கு முந்தின நாள், பூசணிக்கு அடியில் சாக்கைக் கொடுத்துக் கொக்கியில் மாட்டி இருவருமாக இழுத்தோம். கம்புகள் முனகின. பூசணி ஆடாமல் மேலே வந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்ததை வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் சாயங்காலம் அவள் பக்கத்தில் வந்தபோது மச்சான் தானாகவே கைகளை நீட்டினார். "இந்தா, மோந்துக்கோ." அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான், அவள் கேட்கும் முன்னாலேயே நீட்டிவிடுவார்.

போன வருஷம் மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். கைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் போனவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அக்கா குனிந்து அந்தக் கைகளை முகத்தோடு வைத்துக்கொண்டாள். முத்தம் கொடுக்கிறாள் என்று சுற்றியிருந்த பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். அவள் மோந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன வாடை வந்தது என்று நான் கேட்கவில்லை.

சென்ற வாரம் போயிருந்தபோது முக்காலியின் கட்டு தளர்ந்து ஒரு கால் சாய்ந்திருந்தது. ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்பு வேண்டாம்லே. அவுக கைக்கு ஆகாது."