மைனஸ் ஒரு ஆள்

இது நடந்தது. விளக்குகள் எரியும் வகுப்பறையில், நான்கு பேர் கண்ணெதிரே நடந்தது. நான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள். இதையும் பார்த்தேன்.

மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்கிறோம். அன்று செய்துகாட்ட என் முறை. தேறினால்தான் அடுத்த நிலை. வகுப்பறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும் ஒரு நிரல்துண்டு, ஃபங்ஷன், எழுதியிருந்தேன். அதற்குத் தர வேண்டியது ஒரே எண்: எத்தனை ஆட்கள். ஓர் ஆளுக்கு ஒரு நீல வட்டம். திரையிலுள்ள ஸ்லைடரை இழுத்தால் எண் மாறும். வட்டங்கள் கூடும், குறையும். தொடக்க எண் 4 என்று வைத்திருந்தேன். சார், தையல் அக்கா, டிரைவர் அண்ணன், நான்.

சார் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, மைனஸ் நாலுல ஆரம்பிக்குது?"

ஸ்லைடரின் எல்லையை நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தொடக்க எண்ணின் மைனஸிலிருந்து அதன் மூன்று மடங்கு வரை கணினியே வைத்துக்கொள்ளும். 4 என்றால் −4 முதல் 12 வரை.

"மைனஸ் ஒரு ஆளா? அது எங்க மச்சான்தான். வீட்ல இருந்தாலும் இல்லாத கணக்கு," என்றார் டிரைவர் அண்ணன்.

"இழுத்துத்தான் காட்டேன்டி," என்றாள் தையல் அக்கா.

முகம் சுட்டது. இழுத்தேன். பூஜ்யம். படம் காலி.

மைனஸ் ஒன்று.

ஒரு வட்டம் வந்தது.

வரக்கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே வரைய என் நிரலில் ஒரு வரிகூட இல்லை. நீலமும் இல்லை அது. வெள்ளை. கடைசி வரிசை, கதவோரம்.

மணி 6:52.

திரும்பிப் பார்த்தோம். காலி நாற்காலி.

அவசரமாக 4-க்கு இழுத்தேன். நான்கு நீல வட்டங்கள்... வெள்ளை போகவில்லை.

பெயின்ட் வாடை அடித்தது. புதுப் பெயின்ட். பின்னால் நாற்காலி இழுபடும் ஓசை.

கிரீச்...

"அது... பெயின்டர் அண்ணன் இடமில்ல?" என்றாள் அக்கா.

பெயின்டர் அண்ணனையும் சேர்த்தால் வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். கடைசியாக வந்த அன்று படிக்கட்டில் அவர் என்னிடம் கேட்டார். "தங்கச்சி, உன் படத்துல என்னையும் போடுவியா?" "கண்டிப்பாண்ணே" என்றேன். பிறகு அவர் வரவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. எண்ணி எழுதும்போது எனக்கு அவர் நினைவே வரவில்லை.

ஸ்லைடரைப் பார்த்தேன்.

−5 முதல் 15 வரை.

நிரலைத் திறந்தேன். 4 இருந்த இடத்தில் 5.

நான் தொடவில்லை.

சார் அவருக்குப் போன் போட்டார். எடுத்தது மனைவி. ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"அவர் போய் மூணு வாரமாச்சு சார். ஏணி சறுக்கிடுச்சு. கிளாஸ்லேருந்து யாராவது வருவீங்கன்னு பார்த்தோம்..."

சார் போனை மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்குக் காலையிலகூடச் சொன்னார். ஒரு தங்கச்சி என்னைப் படத்துல போடப்போகுது, லேட்டாப் போனாலும் எனக்கு இடம் இருக்கும்னு."

கிரீச்...

நான் திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது?