கதவில் பதிந்த கை

கடலையெண்ணெயும் தாரும் கலந்தால் ஒரு வாடை வரும். கருகிய பலகாரமும் புதிதாகப் போட்ட சாலையும் ஒரே மூச்சில் உள்ளே போனதுபோல, தொண்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு இறங்காது. எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை முழுவதும் என் கைகளில் அந்த வாடைதான்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா பெரம்பலூரில் டாக்டர். பாலாடை நிறத்தில் அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதை "டாக்டர் வூட்டு பிளசர்" என்பார்கள். திருச்சி சாலைக்கு அப்போது தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுவாச்சூர் வரை ஒருமுறை போய்வந்தாலே கதவுகளின் அடியில் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவற்றை எடுக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்கள் என்பதால் கடலையெண்ணெயில் துணியை நனைத்து, புள்ளியின்மேல் ஒற்றி, அது இளகும்வரை காத்திருந்து துடைப்பேன். காரை ஓட்டிய காதர் பாய் லெப்பைக்குடிகாட்டுக்காரர். அவர் சொன்ன எச்சரிக்கை ஒன்றுதான்: "சுரண்டாத பாப்பா. சுரண்டுனா பெயின்ட்டும் கூடவே வந்துடும்."

சித்திரை மாதம் ஒருநாள் மத்தியானம் வண்டி வந்து நின்றபோது, இடதுபக்கப் பின்கதவில் புள்ளிகளுக்கு மேலே ஒரு கை இருந்தது. ஐந்து விரல்களும் விரிந்த, தாரில் பதிந்த கை. உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. யாருடையது என்று கேட்டதும் காதர் பாய் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

சாயங்காலத்துக்குள் துடைத்துவிட்டேன். மறுநாள் உச்சிவெயிலில், தகரக் கொட்டகைக்குள் நின்ற காரில், அது திரும்ப வந்திருந்தது. வெளிறிய பழுப்பில் அதே ஐந்து விரல்கள். மறுபடி துடைத்தேன். மறுநாளும் வந்தது. பழைய பெயின்ட்டில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றன, அதற்குள் இறங்கிய தாரை வெயில் வெளியே இழுக்கிறது என்றார் காதர் பாய். அதை நான் நம்பினேன். ஆனாலும் ஆளரவமற்ற அந்த உச்சிப்பொழுதில், எண்ணெய்த் துணியோடு நான் தனியே உட்கார்ந்திருக்கையில், சூடேறிய கதவுத் தகடு "டப்" என்று ஒருமுறை சத்தமிடும். யாரோ உள்ளங்கையால் தட்டுவது போலவே இருக்கும். வெயில்தான் என்று தெரிந்தும், ஒவ்வொரு தட்டுக்கும் என் தலை தானாக நிமிர்ந்து கதவுக் கண்ணாடியைப் பார்க்கும்.

செய்தி வெளியே பரவிவிட்டது. சிறுவாச்சூர் அம்மனின் கை என்றார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த உள்ளங்கையின் நடுவில் யாரோ குங்குமம் வைத்து, கைப்பிடியில் வேப்பிலைக் கொத்தைச் செருகியிருந்தார்கள். முன்பெல்லாம் காரில் ஏற முண்டியடித்த நோயாளி வீட்டார், "நாங்க நடந்தே வரோமுங்க" என்று ஒதுங்கினார்கள். அம்மா பூசைக்குக்கூட மாட்டுவண்டியில்தான் கோவிலுக்குப் போனாள்.

மூன்றாவது வாரம், இனி அந்தக் கதவைத் துடைக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.  பக்கத்தில் நின்ற காதர் பாய் தரையைப் பார்த்தபடி, "வண்டிய நிறுத்தட்டுமான்னு நான் அன்னிக்கே கேட்டேன் ஐயா," என்றார்.

பிறகு அப்பாவே சொன்னார். சிறுவாச்சூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இரண்டு நாளாகப் பிரசவமாகாமல் துடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்க்க அன்று அவர் விரைந்துகொண்டிருந்தார். ஜல்லியில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது, தார் போடுகிற பெண் ஒருத்தி ஓடிவந்து கதவைத் தட்டினாள். ஏதோ கேட்கிறாள், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, வண்டியை நிறுத்தாமல் போகச் சொல்லிவிட்டார். அந்தப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்தபோது அந்த இடத்தில் காலி டின்களும் அணைந்த அடுப்பும் மட்டும் இருந்தன. அவர் யாரையும் விசாரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு தார் போடுகிற அந்தக் கூட்டத்தைத் தேடிப் புறப்பட்டார். வேலை அதற்குள் பெரம்பலூருக்கு வடக்கே மாறியிருந்ததால், ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவரின் நிழலில் அவர்கள் தங்கியிருந்தார்கள். மேஸ்திரி கைகாட்டிய பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். பெயர் செல்லாயி. கொதிக்கிற தார் அன்று அவள் வலதுகையில் கொட்டியிருக்கிறது. கார் நிற்காமல் போனபின், ஆறி இறுகிய தாரைக் கூட இருந்தவர்கள் பிடித்து உரித்திருக்கிறார்கள். தோலும் கூடவே வந்துவிட்டது. புண் ஆறியபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கை மூடிய மொட்டுப் போலாகிவிட்டது.

அப்பா ஜல்லியின்மேல் மண்டியிட்டு அந்தக் கையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"வந்தனேங்க. நாந்தான் கதவத் தட்டுனேன். நிக்கலீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "தார் போடுறவங்க கையெல்லாம் கறுப்பாத்தானே இருக்கும். வெந்த கைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."



வெயிலில் நின்ற காரில் அந்தத் தடம் வெளியே வந்திருந்தது. செல்லாயி எழுந்து போய்க் கதவருகே குனிந்தாள். இடதுகை விரலால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். "ரேகைகூட இருக்கு," என்றாள். பிறகு மூடிய கையை அதன் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரிந்த கை உலகத்தில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நான் மூன்று வாரமாக எண்ணெய் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். 

அன்றே அவளைத் திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். கட்டைவிரலையும் இன்னொரு விரலையும் பிரித்துக்கொடுத்தார்கள். தலைமுடியை முடிந்துகொள்ள அது போதும் என்றாள்.

அதன்பிறகு, வழியில் யார் கைநீட்டினாலும் நிறுத்தவேண்டும் என்று காதர் பாய்க்கு உத்தரவு. அதனால் அப்பா எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பூலாம்பாடிக்குப் போகிற வழியில் ஒருமுறை, சந்தைக்குப் போகிறவர் ஒருவர் சும்மா ஏறிக்கொள்ளக் கைகாட்டினார். அவருக்காக நின்றுவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தபோது நோயாளியின் உடம்பு குளிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் உத்தரவை மாற்றவில்லை. எது சரி என்று அவர் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்தபின் காரை அரியலூர் வியாபாரி ஒருவர் வாங்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டார். இன்று செல்லாயி இல்லை, காதர் பாய் இல்லை, தார் போடுகிற அந்தக் கூட்டங்களும் இல்லை. தாரை இயந்திரங்களே ஊற்றி இயந்திரங்களே உருட்டிவிடுகின்றன. போன மாதம் பேரன் என்னை அந்த வழியாக அழைத்துப்போனான். சிறுவாச்சூர் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. கார்க் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. இப்போது வண்டிகள் போகிற வேகத்துக்கு, ஓடிவருகிற ஒருவரின் கை கதவில் படக்கூட முடியாது.