கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு திண்டுக்கல் பூட்டு

மலைக்கு வாடகைக் காரில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறீர்கள். பஸ்ஸில் போங்கள். ஏன் என்று சொல்ல 1961-க்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அது. கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுடையது அப்பா இல்லாத வீடு. அம்மா ராத்திரி பகலாகத் தையல் மிஷினை மிதித்து என்னைப் படிக்க வைத்தாள். அந்த வேலை போனால் அவள் தொடர்ந்து மிதிக்க வேண்டியதுதான்.

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு வழியாக அறுபது மைல். புதன்கிழமை விடிகாலையில் பஸ் இருந்தது. ஆனால் சித்தப்பா குறுக்கே வந்தார். "வயசுப் பிள்ளை பஸ்ல இடிபட்டுப் போறதா? நான் பிளசர் பேசிட்டேன்த்தா" என்றார். பிளசர் என்றால் வாடகைக் கார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

காரின் டிக்கி மூடி நிற்காது. டிரைவர் கருப்பையா ஒரு கொண்டி அடித்து அதில் கயிறு கட்டியிருந்தார். சித்தப்பாவுக்குப் பூட்டுக் கடை. கயிற்றைப் பார்த்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடை வாசலில் காரை நிறுத்தி, உள்ளே போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்து வந்து பூட்டினார். "இப்ப எவன் திறப்பான்?" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய்க் கடைச் சுவரில் ஆணியில் மாட்டினார். பூட்டிப் பார்த்ததும் சாவியை ஆணியில் மாட்டுவது அந்தக் கடையில் பிறந்த பழக்கம். அவர் கை செய்தது அவருக்கே தெரியாது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மலை ஏறியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. டம்டம் பாறை தாண்டி ஒரு வளைவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி, ஜாக்கி, என் சர்டிபிகேட் வைத்த டிரங்குப் பெட்டி எல்லாமே டிக்கிக்குள். சித்தப்பா பையைத் தடவினார். மடியைத் தடவினார். சாவி கடைச் சுவரிலேயே தொங்குவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கருப்பையா ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டார். கல்தான் உடைந்தது.

"அது நம்ம பூட்டுய்யா, உடையாது" என்றார் சித்தப்பா. அந்த நேரத்திலும் அந்தக் குரலில் ஒரு பெருமை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பக் கொண்டியப் பேருங்க சித்தப்பா!"

"நெம்புற கம்பியும் உள்ளதானத்தா கெடக்கு."

செத்த நேரத்தில் கீழே இருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அடுத்த பஸ். நான் நடு ரோட்டில் போய்க் கையை நீட்டி நின்றேன்.

"உக்கார எடம் இல்லம்மா, நின்னுக்கிட்டுத்தான் வரணும்" என்றார் கண்டக்டர்.

"நிக்கிறேன்."

"ஏறாதத்தா லூர்து! ஒத்தையிலயா போவ? ஊரு என்ன பேசும்?"

"ஊரு கீழ இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அதுவரை அவரை எதிர்த்து நான் ஒரு சொல் பேசியதில்லை.

பள்ளியில் மத்தியான மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சேலை சொட்டச் சொட்டப் போய் நின்றேன். தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர், சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார். "திண்டுக்கல் பூட்டுக்குள்ள இருக்கு மதர்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு துண்டைக் கொடுத்து, "தலையைத் துவட்டிட்டு அஞ்சாம் வகுப்புக்குப் போ" என்றார்.

சாயங்காலம் கார் வந்தது. ஒரு லாரிக்காரர் ஜாக்கி கொடுத்து, டியூபுக்கு ஒட்டுப் போட உதவினாராம். கடப்பாரையும் நீட்டியிருக்கிறார். சித்தப்பாதான் நல்ல பூட்டு வீணாகிவிடும் என்று தடுத்துவிட்டாராம்! "பாத்தியா, ஒரு கீறல் இல்ல" என்று என்னிடமே காட்டினார். அந்த மனுஷரை என்ன செய்வது? கடைக்குத் தந்தி அடித்து, மறுநாள் பஸ்ஸில் சாவி வந்து சேர்ந்தது. டிக்கியைத் திறந்ததும் பூட்டையும் சாவியையும் நானே வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: கோடை மழையை நம்பாதீர்கள், குடை எடுங்கள். காரில்தான் போவேன் என்றால் ஸ்டெப்னியை முதலில் கண்ணால் பாருங்கள். சர்டிபிகேட்டை மடியில் வையுங்கள்.

முதல் மூன்று மாதச் சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா ராத்திரித் தையலை நிறுத்தினாள். நான் ஓய்வு பெறும் வரை அதே பள்ளிதான். இங்கேயே ஒரு சின்ன வீடும் கட்டினேன். வாசலில் தொங்குவது அந்த மாங்காய்ப் பூட்டுதான். நல்ல பூட்டு, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வெளியே கிளம்பும்போது சாவியை நான் ஆணியில் மாட்டுவதில்லை.