அம்மாவின் முட்டுக்குள் ஒரு கருவி

அம்மாவின் வலது காலில் புது மூட்டு வைத்த டாக்டர், அதற்குள் ஒரு சின்னக் கருவியும் இருக்கிறது என்றார். காலை ஊன்றும்போது மூட்டின்மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அது சொல்லுமாம். முழங்காலைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினால் போதும், கம்பி கிம்பி எதுவும் வேண்டாம். என் போனில் கோடு ஏறி இறங்கும், அது அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போகும். "மாஞ்சோலையில டவரே கெடைக்காது. என் முட்டுக்குள்ள டவர் வச்சிட்டாவ" என்று அம்மா வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மாஞ்சோலையில் தேயிலை பறித்தே தேய்ந்த கால் அது. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு அவள் வந்தது ஆபரேஷனுக்கு மட்டும்தான். அப்பாவை அடக்கம் செய்த இடம் மலையில், குடியிருப்புக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஏறிப்போய் அவர் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். முட்டு போனபின் அது நின்றுபோனது. திரும்ப ஏற வேண்டும் என்றுதான் ஆபரேஷனுக்கே சம்மதித்தாள்.

சமதரையில் நடக்க அவளுக்கு வரவில்லை. முதுகில் மூட்டை இருப்பதுபோல் குனிந்தே நடந்தாள். நிமிரச் சொன்னால், "நிமிந்தா மல்லாக்க விழுவேம்லா" என்பாள். சரிவிலேயே ஆயுள் போனவள். கடைசியில் எங்கள் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டாள். நான் வேலைக்குப் போனதும் ஏறுவாள், இறங்குவாள், திரும்ப ஏறுவாள். பட்டையில் பதிவானதைப் பார்த்துவிட்டு, பாரம் அளவுக்கு மீறிப் போகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் கத்தினேன். "ஏட்டி, மலை என்ன சமதரையாவா கெடக்கு?" என்றாள்.

அதற்குள் எஸ்டேட்டை ஒரேயடியாக மூடிவிட்டார்கள்; எல்லோரும் குடியிருப்பைக் காலி செய்து கீழே இறங்கிவிட்டார்கள். மலையில் பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, அம்மாவின் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினாள். அம்மா பாத்திரங்களைப் பார்க்கவே இல்லை.

"அவிய கெடக்க எடம்?" என்று கேட்டாள்.

"புதரு மூடிட்டு மதினி. ஆனை நடமாட்டம் வேற. இனி அங்கன யாரு போவா?"

மறுநாள் அம்மா படியேறவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நான் பட்டையைக் கட்டுவேன். கோடு அசையாமல் கிடக்கும். 

கருவி பழுதாகியிருக்கும், கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். போனோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அம்மா நின்றாள். கோடு துள்ளி ஏறியது. "கருவி நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

"அய்யா, இதக் கழட்ட முடியுமா?" என்று அம்மா கேட்டாள்.

வலிக்கிறதா என்று டாக்டர் பதறினார்.

"வலியெல்லாம் இல்லய்யா. நல்ல சாமான், எங்கிட்ட கெடந்து வீணாப் போவுது. நடந்து போவதுக்கு ஒரு எடம் இருக்கவளுக்கு வச்சி விடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே பட்டையை அவிழ்த்தேன்.